இருபதா, நாற்பதா?

அகழாய்வுச் செய்தி எது வந்தாலும் கூடவே ஒரு தகவல் வரும். கிடைத்த எலும்புக்கூடு ஒரு பெண்ணுடையது, இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து இருக்கலாம் என்று. தமிழ்நாட்டின் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளைத் திறந்தபோதும் சரி, எகிப்தில் கல்லறைகளைத் திறந்தபோதும் சரி, இப்படி ஒரு வரியைப் படித்தவர்கள் சற்று யோசித்திருப்பார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வயதையே நாம் ஐந்து பத்து வருடம் கூட்டியோ குறைத்தோதான் சொல்கிறோம். தோலும் முடியும் முகமும் போய், பெயரும் போய், எலும்பு மட்டும் மிஞ்சிய ஒருவருக்கு எப்படி வயது சொல்கிறார்கள்? ஆண், பெண் என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட ஒரே ஒரு எலும்புக்கூட்டின் கதையைத் தொடர்ந்து போவது நல்லது. 1907-இல் எகிப்தில் கிடைத்த எலும்புக்கூடு அது. தேர்ந்த உடற்கூறியல் அறிஞர்கள் பலர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். முதலில் பெண் என்றார்கள், பிறகு ஆண் என்றார்கள். இருபது வயது என்றார்கள், நாற்பது என்றார்கள். நூறாண்டு தாண்டியும் வயதில் உடன்பாடு வரவில்லை. எகிப்திய வரலாற்றின் பெரிய புதிர்களில் ஒன்றோ அந்த வயதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஐம்பத்தைந்தாம் எண் கல்லறை

நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே இருக்கிறது அரசர்களின் பள்ளத்தாக்கு. அங்கே கண்டுபிடிக்கப்பட்ட கல்லறைகளுக்கெல்லாம் வரிசை எண் கொடுத்திருக்கிறார்கள். 1907 ஜனவரியில் எட்வர்ட் அயர்ட்டன் என்ற இளம் ஆய்வாளர் தோண்டியபோது வெளிப்பட்டது 55-ஆம் எண். செலவு முழுவதும் தியோடர் டேவிஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தருடையது. 15 ஆண்டுகள் கழித்து ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறை இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

சில படிகள், சுண்ணாம்புக்கல் சில்லுகள் நிரம்பிய ஒரு நடை, முடிவில் ஒரே ஓர் அறை. உள்ளே எல்லாம் தாறுமாறாகக் கிடந்தன. தங்கத் தகடு போர்த்திய மரப் பலகைகள் கழற்றிப் போடப்பட்டிருந்தன. அவற்றில் தியே என்ற பேரரசியின் பெயர் இருந்தது. பெண் தலை வடிவில் மூடியிட்ட நான்கு ஜாடிகள் இருந்தன. தங்கமும் வண்ணக் கண்ணாடியும் பதித்த ஒரு சவப்பெட்டி இருந்தது. யாரோ அதன் பொன்முகத்தைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள், பெயர் எழுதிய இடங்களையும் வெட்டி அகற்றியிருந்தார்கள். உள்ளே கிடந்தவர் யார் என்பது உலகத்துக்குத் தெரியவே கூடாது என்ற தீர்மானத்தோடு செய்த வேலை அது.

பாறையின் கூரையில் ஒரு விரிசல். அதன் வழியே நூற்றாண்டுக்கணக்கில் தண்ணீர் கசிந்து, சவப்பெட்டி தாங்கியிருந்த கட்டில் இற்று விழுந்திருந்தது. மம்மியும் ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. டேவிஸ் ஒரு முன்பல்லைத் தொட்டார், அது பொடியாக உதிர்ந்தது. துணியை விலக்க விலக்கத் தசையும் தூளாகி எலும்பு மட்டும் மிஞ்சியது. மம்மியாகக் கிடந்த ஒருவர் ஒரே பிற்பகலில் எலும்புக்கூடாகிவிட்டார் என்றே சொல்லலாம்.

அப்போது சுற்றுலா வந்திருந்த மருத்துவர் இருவரை டேவிஸ் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவர் பேறுகால மருத்துவர். இடுப்பெலும்பைப் பார்த்துவிட்டு இருவரும் பெண் என்றார்கள். டேவிஸுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பலகையில் தியேயின் பெயர் இருக்கிறது, இடது கை மார்பின் மேல் மடங்கியும் வலது கை பக்கவாட்டில் நீண்டும் இருந்தன, அது அரசிகளைக் கிடத்தும் முறை, மருத்துவர்களும் பெண் என்கிறார்கள். தியே அரசியின் கல்லறை என்ற பெயரிலேயே 1910-இல் புத்தகம் வெளியிட்டார்.

இடுப்பெலும்பு பேசும் மொழி

எலும்புகளைப் பெட்டியில் வைத்து கெய்ரோ மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் பேராசிரியர் கிராஃப்டன் எலியட் ஸ்மித்துக்கு அனுப்பினார்கள். வயதான பேரரசியின் எலும்பு வருகிறது என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். திறந்து பார்த்தவருக்கு வேறு பெட்டி மாறி வந்துவிட்டதோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே இருந்தது ஓர் இளைஞனின் எலும்பு.

அவர் எதைப் பார்த்திருப்பார்? குழந்தை பிறக்க வழிவிட வேண்டியிருப்பதால் பெண்ணின் இடுப்புக்கூடு அகன்று, ஆழம் குறைந்து இருக்கும். வலது இடது இடுப்பெலும்புகள் முன்புறம் அடிவயிற்றுக்குக் கீழே சந்திக்கின்றன அல்லவா, அந்தச் சந்திப்புக்கு அடியில் ஒரு கோணம் விழும். ஆணுக்கு அது குறுகலாகவும் பெண்ணுக்கு நன்றாக விரிந்தும் இருக்கும். பின்பக்கம், காலுக்குப் போகும் பெரிய நரம்பு நுழையும் இடத்தில் ஒரு வளைவான வெட்டு உண்டு. அதிலும் இதே வேறுபாடுதான். மண்டையோட்டிலும் தடயம் உண்டு. புருவ மேடு, காதுக்குப் பின்னால் தொங்கும் கூம்பு, தாடையின் சதுரம் ஆகியவை ஆணுக்குத் தூக்கலாக இருக்கும். ஆனால் மண்டையோடு இனத்துக்கு இனம் மாறும், வயதோடும் மாறும். முழு இடுப்பெலும்பு கையில் இருந்தால் பயிற்சி பெற்றவர் நூற்றில் தொண்ணூற்றைந்து முறையாவது சரியாகச் சொல்லிவிடுவார். மண்டையோடு மட்டும் என்றால் அந்த உறுதி குறையும். பருவமடையாத சிறுவர் சிறுமியரிடம் இந்த அடையாளங்கள் உருவாகியே இருக்காது என்பதால், குழந்தை எலும்புக்கு ஆண், பெண் சொல்வதை அனுபவசாலிகள் தவிர்த்துவிடுவார்கள்.

மருத்துவர்கள் இருவரும் கல்லறையின் அரையிருட்டில், ஈரத்தில் நெகிழ்ந்துபோன எலும்பை, அரசியின் பெயர் பொறித்த பொருள்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார்கள். எலியட் ஸ்மித் காய்ந்த எலும்பை மேசையில் வைத்துப் பார்த்தார். அவருக்குப் பின் அதைப் பரிசோதித்தவர் எல்லோருமே ஆண் என்றுதான் சொன்னார்கள். அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது.

தொண்டைக்குழிக்கு அருகே ஒரு கடிகாரம்

வயது அப்படி முடியவில்லை. அது எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

பிறந்த குழந்தையின் உடலில் முந்நூற்றுக்கு நெருக்கமான எலும்புத் துண்டுகள் இருக்கும். வளர்ந்தவருக்கு 206 தான். காணாமல்போனவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. தொடை எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையிடம் அதன் தண்டு தனி, இரண்டு முனைகளும் தனி. இடையில் குருத்தெலும்பாலான ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. அதை இந்த நூலில் வளர்தட்டு என்று அழைப்போம். எலும்பு நீள்வது அந்த இடத்தில்தான். வளர்ச்சி முடியும்போது வளர்தட்டு எலும்பாக இறுகி, முனை தண்டோடு ஒட்டிவிடும். முதலில் ஒரு கோடு தெரியும், பிறகு அதுவும் மறையும்.

எல்லா வளர்தட்டும் ஒரே நாளில் மூடுவதில்லை. முழங்கை பதின்பருவத்தின் நடுவிலேயே ஏறக்குறைய முடித்துக்கொள்ளும். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, தோள் என்று ஒவ்வொன்றாகத் தொடரும். பெண்களுக்கு ஓரிரு ஆண்டு முன்னதாகவே நடக்கும். கடைசியாக மூடுவது எது தெரியுமா? உங்கள் தொண்டைக்குழியில் விரலை வையுங்கள். இருபுறமும் இரண்டு குமிழ்கள் தட்டுப்படும். தோளிலிருந்து வரும் காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் இடம் அது. அந்தக் குமிழின் மேல் மெல்லிய செதில் ஒன்று இருபது வயதையொட்டி ஒட்டத் தொடங்கி, முப்பதுக்குள் முழுவதும் இணைந்துவிடும். ஓர் எலும்புக்கூட்டில் மற்ற முனைகளெல்லாம் மூடியிருந்து, இந்தச் செதில் மட்டும் பாதி ஒட்டியிருந்தால் அவர் இருபதுகளில் இறந்தவர் என்று நம்பிக்கையோடு சொல்லலாம். பற்களும் இதேபோல. பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும் ஒழுங்கு உலகெங்கும் பெரிதாக மாறுவதில்லை. அதனால் சிறுவர்களின் வயதைச் சில மாதங்கள், ஓரிரு ஆண்டுகள் என்ற பிசகுக்குள் சொல்லிவிட முடிகிறது.

எலியட் ஸ்மித் இப்படித்தான் எலும்பு முனைகளைப் பார்த்து, ஏறத்தாழ இருபத்தைந்து வயது என்றார். 1931-இல் டக்ளஸ் டெரி மீண்டும் ஆராய்ந்து, இருபத்து மூன்றைத் தாண்டியிருக்காது என்றார். 1963-இல் லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிசன் எக்ஸ்ரே கருவியோடு வந்து பார்த்தார். அவர் கணிப்பு இன்னும் இறங்கி இருபது வயதையொட்டி நின்றது. செக் நாட்டு மானுடவியலாளர் யூஜின் ஸ்ட்ரோஹால் பிற்பாடு பார்த்தபோதும் பத்தொன்பதுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில்தான் சொன்னார்.

பதினேழு ஆண்டு ஆட்சி

இவ்வளவு தெளிவாக இருந்தும் விவகாரம் ஏன் ஓயவில்லை? அங்கே கிடந்தவர் அகேனாத்தனாக இருக்கலாம் என்ற நம்பிக்கைதான் காரணம்.

எகிப்தின் எண்ணற்ற தெய்வங்களை ஒதுக்கிவிட்டு, சூரிய வட்டம் ஒன்றையே வணங்கச் சொன்ன அரசன் அகேனாத்தன். நெஃபர்டீட்டியின் கணவன். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் ஆண்டவன். அவன் இறந்ததும் பழைய வழிபாடு திரும்பியது, அவன் பெயர் கல்வெட்டுகளிலிருந்து கொத்தி எடுக்கப்பட்டது. 55-ஆம் கல்லறையின் சிதைந்த முகமும் அகற்றிய பெயரும் இந்தக் கதையோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன. அறையில் கிடைத்த சடங்குச் செங்கற்களில் அவன் பெயரும் இருந்தது.

ஆனால் கணக்கு உதைக்கிறது. அவனுடைய தலைநகரமான அமர்னாவில் கிடைத்த ஜாடி எழுத்துகளிலிருந்து அவன் பதினேழாம் ஆட்சியாண்டு வரை இருந்தான் என்று தெரிகிறது. அவனுடைய மூத்த மகள் ஆட்சியின் முதல் சில ஆண்டுகளின் சிற்பங்களிலேயே வந்துவிடுகிறாள். இறக்கும்போது வயது இருபத்திரண்டு என்றால் ஐந்து வயதில் பட்டமேறி, பத்து வயதுக்குள் தகப்பனாகியிருக்க வேண்டும். நடக்காத காரியம். அதே எலும்புக்கு வயது முப்பத்தைந்து என்றால் பதினெட்டில் அரியணை, எல்லாம் சரியாகிவிடும். காறை எலும்பின் ஒரு செதில் ஒட்டியதா ஒட்டவில்லையா என்பதில் ஒரு பேரரசனின் அடையாளமே இருக்கிறது.

எலியட் ஸ்மித்தே இந்த இழுபறியில் சிக்கினார். வளர்தட்டு மூடுவதைத் தாமதப்படுத்தும் ஒரு ஹார்மோன் நோய் அகேனாத்தனுக்கு இருந்திருந்தால், இருபதுகளைப் போலத் தெரியும் எலும்பு முப்பதைத் தாண்டியவருடையதாகவும் இருக்கலாமே என்று பின்னாளில் எழுதினார். அந்த நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் குழந்தை பெற இயலாதவர்கள். அகேனாத்தனுக்கோ ஆறு பெண்கள். அவருடைய முதல் கணிப்பு எலும்பைப் பார்த்து வந்தது, இரண்டாவது வரலாற்றைப் பார்த்து வந்தது. இந்தத் துறையில் எனக்குப் பெரிய கவலை தருவது இதுதான். பதில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று முன்பே தெரிந்துவிட்டால், எவ்வளவு பெரிய அறிஞரின் கண்ணும் அந்தப் பக்கம் சாயும்.

அகேனாத்தன் இல்லையென்றால் வேறு யார்? ஸ்மென்க்காரே என்ற இளவரசன் அவனுக்குப் பின் சிறிது காலம் ஆண்டு இளமையிலேயே மறைந்ததாகக் கருதப்படுகிறது. அவனைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. இருபதுகளில் இறந்த அரச குலத்து ஆண் என்ற விவரத்துக்கு அவன் பொருந்துகிறான்.

முப்பதுக்குப் பிறகு மங்கும் தடயங்கள்

வளர்தட்டுகளெல்லாம் மூடிய பின் எலும்பு வயதைக் காட்டும் விதம் மாறிவிடுகிறது. அதுவரை வளர்ச்சியைப் பார்த்தோம், இனித் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். இடுப்பெலும்புகள் முன்னால் சந்திக்கும் முகங்களை எடுத்துக்கொள்வோம். இளைஞரிடம் அந்த முகம் உழுத வயல்போல வரப்பும் சாலுமாக இருக்கும். வயது ஏற ஏற மேடுகள் தணிந்து, விளிம்பு கட்டி, பிறகு அங்கங்கே குழி விழும். விலா எலும்பின் முனை, இடுப்பு முதுகெலும்போடு சேரும் இடம், முதுகெலும்பின் ஓரங்கள், முழங்கால் மூட்டு ஆகியவற்றிலும் இதுபோன்ற மாற்றம் நிகழும்.

வளர்ச்சிக்கு ஒரு கால அட்டவணை உண்டு, தேய்மானத்துக்குக் கிடையாது. சுமை தூக்கியவரின் முதுகும் தூக்காதவரின் முதுகும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. பழைய எகிப்தில் அரைக்கும் கல்லின் துகளும் பாலைவன மணலும் ரொட்டியில் கலந்துவிடும். அதனால் பல் தேய்மானத்தை வைத்து வயது சொன்னால் சாதாரணக் குடிமக்கள் எல்லோரும் கிழவர்களாகிவிடுவார்கள்.

இந்த முறைகள் எவ்வளவு தேறும் என்று சோதிக்க ஓர் அரிய வாய்ப்பு லண்டனில் கிடைத்தது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பகுதியில் உள்ள தேவாலயத்தின் நிலவறையை 1984 முதல் 1986 வரை காலி செய்தார்கள். பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் 387 பேரின் சவப்பெட்டித் தகட்டில் பெயரும் இறந்த வயதும் பொறித்திருந்தன. தகட்டைப் பார்க்காமல் எலும்பை மட்டும் வைத்து வயதைக் கணித்து, பிறகு ஒப்பிட்டார்கள். நாற்பதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள், எழுபது தாண்டியவர்களுக்கு வெகுவாகக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். முன்னோர் யாருமே நாற்பதைத் தாண்டியதில்லை என்று நாம் கேள்விப்படும் கதையில் ஒரு பகுதி இந்தப் பிசகால் வந்தது. கிழவர்கள் அன்றும் இருந்தார்கள், நம் அளவுகோலுக்குத்தான் அவர்கள் தென்படவில்லை.

55-ஆம் கல்லறை எலும்புக்கூட்டுக்கு 2010-இல் திரும்பியது இந்தத் தேய்மானக் கணக்கு. எகிப்தியத் தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸ் தலைமையிலான குழு சி.டி. ஸ்கேன் எடுத்தது. முதுகெலும்பில் தேய்மானம், முழங்காலில் மூட்டுவாதத்தின் அறிகுறி. வயது முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் என்றார்கள். அதே எலும்பில் முதுகு பக்கவாட்டில் வளைந்திருந்ததும் ஸ்கேனில் தெரிந்தது. வளைந்த முதுகு இளமையிலேயே தேயும் என்பது எலும்பு மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். எனவே தேய்மானத்தை வைத்து வயதை உயர்த்துவது எனக்கு அவ்வளவு உறுதியாகப் படவில்லை. நேரடியாக எலும்பைக் கையில் எடுத்து முனைகளைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் நின்றிருக்கிறார்கள் என்பதைத் தள்ளிவிட முடியாது.

மரபணு கொடுத்த பதில்

அதே 2010 ஆய்வில் எலும்பிலிருந்து மரபணுவும் எடுத்தார்கள். வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில் மரபணு வேகமாகச் சிதையும். நம்மூர்த் தாழி எலும்புகளில் அதை மீட்பது இவ்வளவு கடினமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். எகிப்திய மம்மிகளில் அது தப்பியிருக்குமா என்றே சிலர் ஐயம் எழுப்பினார்கள். கையாண்டவர்களின் மரபணு கலந்துவிடும் அபாயமும் உண்டு. இந்த ஐயங்களை மனதில் வைத்துக்கொண்டு, முடிவைப் பார்ப்போம்.

ஆய்வாளர்களுக்குச் சந்தேகமே இல்லாத சிலர் இருந்தார்கள். துட்டன்காமனைத் தெரியும். 1905-இல் கிடைத்த யூயா, துயா தம்பதியையும் கல்லறைப் பொருள்களில் இருந்த பெயர்களால் தெரியும். அவர்களுடைய மகள்தான் தியே அரசி. இந்த உறுதியான இடங்களிலிருந்து குடும்ப மரத்தைக் கட்டினார்கள். 55-ஆம் கல்லறை ஆண், மூன்றாம் அமென்ஹோதெப் என்ற அரசனுக்கும் அவன் மனைவி தியேவுக்கும் பிறந்த மகன். துட்டன்காமனின் தந்தை. 1960-களின் இறுதியில் ஹாரிசனின் குழு இருவரின் மண்டையோட்டு வடிவமும் இரத்த வகையும் ஒத்துப்போவதாகச் சொல்லியிருந்தது. மரபணு அதை இன்னும் நெருக்கமான உறவாகக் காட்டியது.

அகேனாத்தன் மூன்றாம் அமென்ஹோதெப்புக்கும் தியேவுக்கும் பிறந்தவன்தான். ஆகவே இது அவன்தான் என்று செய்திகள் வந்தன. ஆய்வுக்கட்டுரை பெரும்பாலும் அவனாக இருக்கலாம் என்றுதான் எழுதியிருந்தது. அந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. ஸ்மென்க்காரே அகேனாத்தனின் தம்பியாக இருந்தால், அவனுக்கும் அதே தாய், அதே தந்தை. பெற்றோர் யார் என்று மரபணு சொல்லிவிடும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் இவன் எவன் என்பதை, பெயர் தெரிந்த ஒரு மகனோ மகளோ ஒப்பிடக் கிடைக்காதவரை, சொல்லாது. துட்டன்காமனின் தந்தையாக இருவரில் யாரும் இருந்திருக்கலாம். ஆக, கேள்வி மறுபடியும் வயதுக்கே வந்து நிற்கிறது.

இன்னும் செய்ய வேண்டியது

பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய பூச்சு ஒன்று படிகிறது. அதைப் பற்காரை என்பார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு படலம் வீதம் அது வாழ்நாள் முழுவதும் சேர்ந்துகொண்டே போகும். வேரைக் குறுக்கே மிக மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் ஒளியும் இருளுமாக வரிகள் தெரியும். அவற்றை எண்ணி, அந்தப் பல் முளைக்கும் வயதைக் கூட்டினால் இறந்த வயது வரும். நோயும் ஊட்டக்குறைவும் சில வரிகளைக் குழப்பலாம், ஈரமும் கெடுத்திருக்கலாம். இருந்தாலும் இருபதையும் நாற்பதையும் பிரித்துக் காட்ட ஓரிரு வரிகள் அளவிலான துல்லியம் தேவையில்லை. இதற்கு ஒரு பல்லின் ஒரு பகுதியை இழக்க வேண்டும். அரசனாக இருக்கக்கூடிய ஒருவரின் பல்லைச் சீவ அனுமதி கேட்பது எளிதல்ல என்பது புரிகிறது. ஆனால் கேட்கத் தகுந்த அனுமதி.

அந்தப் பல்லைச் சோதிப்பவர்களுக்கு அது யாருடையது என்று சொல்லக் கூடாது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் போல வயது தெரிந்தவர்களின் பற்களோடு கலந்து, வெறும் எண் ஒட்டி, ஒன்றையொன்று அறியாத இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்ப வேண்டும். காறை எலும்பின் படங்களையும் இடுப்பெலும்பின் படங்களையும் அதேபோல எண் மட்டும் போட்டு அனுப்பலாம். தெரிந்த வயதுகளில் அவர்கள் எவ்வளவு பிசகினார்கள் என்பதை முதலில் வெளியிட்டுவிட்டு, அதற்குப் பிறகே 55-ஆம் கல்லறைக்குரிய எண்ணை உடைத்துப் பார்க்கட்டும்.